பூனைக்கு எந்தத் தாலம்?

சென்ற இதழில் சிற்பக் கல்வி பற்றி வந்த கட்டுரையை நிதானமாகத்தான் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு, இதற்கு யாரும் பதில் எழுதாவிட்டால் நாளைக்கு ஏதாவது ஒரு பாடத்திட்டக் குழுவில் இதையே ஆதாரமாக எடுத்து வைப்பார்களே என்ற பயம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

சங்கதி இதுதான். கருமத்தம்பட்டியில் சோமனூர் சாலையோரம் மூடிக்கிடக்கும் ஒரு தறிக்குடோனின் வாசலில், கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கும் மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது ஓர் இரும்பு உருவத்தை நிறுத்தியிருக்கிறாள். எடைக்குப் போகவிருந்த பழைய விசைத்தறியின் பக்கச் சட்டம், நாலைந்து நாடாக்கள், தார்க்குச்சிகள், ஒரு பல்சக்கரம், கொஞ்சம் கம்பி. வரைபடம் போடவில்லை. சிறு மாதிரி செய்து பார்க்கவில்லை. ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து, வைத்துப் பார்த்து, கழற்றி, மறுபடி வைத்தே கட்டியிருக்கிறாள். கேட்டவர்களிடம் அதை மறைக்காமல் சொல்லியும் இருக்கிறாள். அந்த வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டுதான் கட்டுரையாளர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

அவர் சொல்வதை அவருக்கு நியாயமாகவே தொகுக்கிறேன். சிற்பம் என்பது இலக்கணம் உள்ள கலை. தாலமானம் என்ற அளவுமுறை தெரியாதவன் உளியைத் தொடக்கூடாது. முதலில் பல வருடம் பழையதைப் பார்த்து அப்படியே செய்யவேண்டும். தோன்றியதைச் செய்வது அதற்கப்புறம், அதுவும் தேவைப்பட்டால். இப்போது கல்லூரிகளில் முதல் வருடத்திலேயே 'செய்து பார், என்ன வருகிறதோ வரட்டும்' என்று விடுவது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சோம்பேறித்தனம். இப்படிச் செய்தால் ஆசிரியருக்கு வேலையில்லை, மாணவருக்குத் தோல்வியில்லை, பெற்றோருக்குப் பணம் மிச்சமில்லை. பேரூரையும் மாமல்லபுரத்தையும் செய்த இனம் இன்று பழைய இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு பெருமூச்சோடு முடிக்கிறார்.

மாமல்லபுரத்தை அவர் இழுத்ததால் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் மாமல்லபுரத்துக்கு முன்னால் மண்டகப்பட்டு இருக்கிறது, விழுப்புரம் மாவட்டத்தில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டிலேயே பொறித்துவைத்தான். யோசித்துப் பாருங்கள். அதுவரை நம் பக்கத்துக் கோயில் என்றால் இந்த நான்கும்தான். அந்த நான்கையும் விட்டுவிட்டு வெறும் பாறையோடு மோதிப் பார்த்தவன், அந்தச் சோதனையையே தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று விசித்திரசித்தன். கட்டுரையாளர் அன்று அரசவையில் இருந்திருந்தால், முதலில் செங்கல் கோயிலைப் பல வருடம் பார்த்துச் செய்யுங்கள் மன்னா என்று மனு எழுதியிருப்பார்.

அடுத்தது மாமல்லபுரம். அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்குவதா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வராத அந்தப் பெரும்பாறையில், யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் குரங்குக் குடும்பம் ஒன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கிறது. இனி அவருடைய தாலமானத்துக்கு வருவோம். முகத்தின் நீளம் ஒரு தாலம். அப்படி ஒன்பது முகம் கொண்டது நவதாலம். தெய்வத்துக்கு இத்தனை, மனிதனுக்கு இத்தனை, குழந்தைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. சரி. தவம் செய்கிற திருட்டுப் பூனைக்கு எந்தத் தாலம்? மான் சொறிந்துகொள்வதற்கு எந்த அத்தியாயம்? அந்தச் சிற்பி மானைப் பார்த்தான், கல்லில் அதற்கு இடம் இருப்பதைப் பார்த்தான், செய்தான். ஆயிரத்து முந்நூறு வருடமாக அந்தப் பாறையின் முன்னால் நிற்கும் குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பூனையைத்தான்.

மாமல்லபுரத்தில் கட்டுரையாளர் பார்க்கத் தவறிய இன்னொன்றும் இருக்கிறது. பாதியில் விட்ட வேலைகள். அதே அர்ச்சுனன் தவத்தை இன்னொரு பாறையில் தொடங்கி அப்படியே விட்டிருக்கிறார்கள். பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் முடியாமல் நிற்கின்றன. முடிக்காத குகைகளின் சுவரில் கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, ஒவ்வொரு கட்டமாகக் கல்லை உடைத்தெடுத்த தடம் அப்படியே தெரிகிறது. ஒரே ஊரில் குகை, ஒற்றைக்கல் ரதம், திறந்தவெளிப் பாறைச் சிற்பம், கடைசியில் கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில் என்று ஒரு நூற்றாண்டுக்குள் எல்லா வழியையும் முயன்றிருக்கிறார்கள். ஐந்து ரதங்களிலும் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. இதைவிடப் பெரிய சோதனைக்கூடம் ஒன்றை எந்தக் கல்லூரி கட்டிவிடப்போகிறது?

தாலமானத்தை நான் கேலி செய்யவில்லை. சுவாமிமலைப் பட்டறையில் ஸ்தபதி ஓர் ஓலையை மடித்து அளவு வைத்துக்கொண்டு, மெழுகில் உருவத்தைப் பிடிப்பதைப் பார்த்தவன் எவனும் அதைக் கேலி செய்யமாட்டான். ஆனால் ஓலை சொல்வது கணக்கை மட்டும். மெழுகை எவ்வளவு இளக்குவது, விரல் எங்கே அழுத்தினால் தோள் தோளாகும், எங்கே அழுத்தினால் பொம்மையாகும் என்பதை ஓலை சொல்லாது. அதே அளவில் செய்த ஆயிரம் நடராஜர்கள் இருக்க, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர் மட்டும் ஏன் ஆளை நிறுத்துகிறார்? அளவு அதற்குப் பதில் சொல்லாது. பேரூர்க் கோயில் கனகசபையின் விதானத்தில் தொங்குகிற கல் சங்கிலியைக் கட்டுரையாளர் உச்சிமுகர்ந்து பாராட்டுகிறார். நானும்தான். ஆனால் ஒரே கல்லில் ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை விடுவிக்க முதன்முதலில் துணிந்தவன் எத்தனை வளையத்தை உடைத்திருப்பான் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. சங்கிலியை வணங்குகிறார், அதற்குக் கீழே குவிந்திருந்த கல் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டார்.

இனி இறக்குமதிக் கதை. வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து நகல் எடுத்த பிறகுதான் சொந்தமாகச் செய்யலாம் என்கிறாரே, அந்தப் பாடத்திட்டம் யாருடையது? 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கேயும் நாட்டின் மற்றக் கலைப்பள்ளிகளிலும் பின்னால் வேரூன்றியது லண்டன் சவுத் கென்சிங்டன் முறை. கோட்டுப் படத்தைப் பார்த்துக் கோடு, பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து நிழல், வரிசை தப்பாமல் நகல். நல்ல கைவினைஞர்களையும் படவரைவாளர்களையும் உருவாக்க அது போதும் என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். கட்டுரையாளர் குருகுலம் என்று நினைத்துக் கும்பிடுவது விக்டோரியா மகாராணி காலத்துப் பாடத்திட்டத்தை.

மறுபக்கம், மேலைநாட்டு மோகம் என்று அவர் திட்டுகிற இரும்புச் சிற்பம் எங்கே பிறந்தது? ஹூலியோ கொன்சாலெஸ் என்ற ஸ்பானியர் 1918இல் பாரிஸில் ரெனோ தொழிற்சாலையில் வேலைக்குப் போய் கேஸ் வெல்டிங் கற்றார். பத்து வருடம் கழித்து அந்த வித்தையைப் பிக்காசோவுக்குக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவின் டேவிட் ஸ்மித் கார் கம்பெனியில் வெல்டிங் வேலை பார்த்தவர். உலகப்போர்க் காலத்தில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் தகடு பற்றவைத்தார். ஆக, இரும்புச் சிற்பம் கலைக்கூடத்துக்கு வந்ததே பட்டறை வாசல் வழியாகத்தான். பவுண்டரியும் லேத்துப் பட்டறையும் பம்பு கம்பெனியுமாக இருக்கிற கோயமுத்தூர்ச் சீமையில் ஒரு பெண் இரும்பைப் பற்றவைத்தால் அது அந்நிய மோகமாம். இந்த ஊரில் இரும்பைவிட உள்ளூர்ச் சரக்கு வேறென்ன இருக்கிறது?

கட்டுரையின் மையமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: தோன்றியபடி செய்பவனுக்குத் தோல்வியே இல்லை, ஆகவே கல்வியும் இல்லை. இதை எழுதியவர் வாழ்நாளில் ஒரு துண்டு இரும்பையோ ஒரு உருண்டை களிமண்ணையோ தானாக நிறுத்திப் பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். உள்ளே ஈரம் காயாத மண் சூளையில் வெடிக்கும். சட்டக்கம்பி சரியில்லாத உருவம் மறுநாள் காலையில் மண்டியிட்டுக் கிடக்கும். கரைத்த பிளாஸ்டர் சில நிமிடத்தில் இறுகிவிடும். உங்கள் கருத்து கனியும்வரை காத்திருக்காது. நகல் எடுப்பவனின் தப்பை ஆசிரியர் வந்து சொல்லவேண்டும். பொருளோடு நேராக மோதுபவனின் தப்பைப் பொருளே சொல்லிவிடும், தயவுதாட்சண்யம் இல்லாமல்.

அந்த மாணவியின் உருவத்தையே எடுத்துக்கொள்வோம். அவளிடமும் பேசினேன், அவளுக்கு உதவிய வெல்டிங் பட்டறைக்காரரிடமும் பேசினேன். கட்டுரையாளர் இரண்டையும் செய்யவில்லை. தறியின் பக்கச் சட்டம் வார்ப்பிரும்பு. அதன் மேல்முனையில் சாதாக் கம்பியைக் கைபோல நீட்டிப் பற்றவைத்திருக்கிறாள். பற்றவைத்தபோது பிடித்துக்கொண்டது. ராத்திரி ஆறியதும் விரிசல் விட்டு, காலையில் கை கீழே கிடந்தது. பட்டறைக்காரர் சிரித்திருக்கிறார். "காஸ்ட் அயர்னுல சாதா ராடு நிக்காது அம்மிணி. ஆறுனா விட்டுப்போயிரும்."

வார்ப்பிரும்பில் இரண்டு முதல் நான்கு சதவீதம்வரை கார்பன். சாதாக் கம்பியில் அது கால் சதவீதத்தைத் தாண்டாது. வெல்டிங் சூட்டில் உருகி வேகமாக ஆறும்போது, வார்ப்பிரும்பில் பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறும், சுருங்கும்போது இழுபடும், வெடிக்கும். நிக்கல் ராடு வாங்கலாம், விலை அதிகம். மொத்தச் சட்டத்தையும் முதலில் சூடாக்கி, பற்றவைத்த பிறகு சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடலாம், அதற்கு இடமும் ஆளும் வேண்டும். இரண்டும் இல்லாதவள் என்ன செய்தாள்? துளை போட்டு போல்ட்டால் பூட்டினாள். போல்ட் பூட்டிய கை விறைப்பாக நிற்காமல் லேசாக ஆடியது. ஆடுகிறதே என்று கவலைப்படுவதற்குப் பதிலாக, ஆடுவதற்கு ஏற்றபடி மற்றதை மாற்றினாள். நாடாக்களை அந்தக் கையிலிருந்து தொங்கவிட்டாள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று இடிக்கின்றன. கை ஒரு பக்கம் இழுக்க, உருவம் சாய்ந்தது. பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் அடியில் கொண்டுபோய் எடை சமன் செய்தாள்.

உலோகவியல், எடைச்சமன், மூட்டுக்கும் இணைப்புக்கும் உள்ள வித்தியாசம், நினைத்த உருவத்தை விட்டுக்கொடுத்து நடந்ததிலிருந்து புதிய உருவத்தைப் பிடிக்கிற பக்குவம். ஒரு விடுமுறையில் இத்தனையும் படித்தவளைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் கல்வி இல்லை என்கிறார். வரைபடம் போட்டு, மாதிரி செய்து, யாரோ ஒருவரைக் கூலிக்குப் பற்றவைக்கச் சொல்லியிருந்தால் இதில் எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்காது. போட்டோவில் இன்னும் அழகாக வேண்டுமானால் வந்திருக்கும்.

அப்படியானால் ஆசிரியர் எதற்கு என்று கேட்கிறார். சாந்திநிகேதனில் பதில் இருக்கிறது. சிற்பி ராம்கிங்கர் பைஜ் பிளாஸ்டருக்கும் வெண்கலத்துக்கும் வசதியில்லாத இடத்தில், அந்த ஊர்ச் செம்புறாங்கல் ஜல்லியையும் சிமென்ட்டையும் கலந்து, கம்பிக் கூட்டின்மேல் கையாலேயே வீசி அப்பி உருவம் செய்தவர். 1938இல் அப்படிச் செய்ததுதான் 'சந்தால் குடும்பம்'. இந்திய நவீன சிற்பத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. அதற்கு மூன்று வருடம் முன்னால், மரங்களுக்கு நடுவே மரம்போலவே ஒல்லியாக, உயரமாக ஒரு பெண்ணுருவம் செய்தார். ஆசிரியர் நந்தலால் போஸ் வந்து பார்த்தார். தாலம் பிசகியிருக்கிறது என்று சொல்லவில்லை. தலையில் ஒரு பாத்திரத்தை வை என்றாராம். வைத்ததும் அவள் புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகிற சுஜாதா ஆகிவிட்டாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதுதான் ஆசிரியர் வேலை. அதற்கு முதலில் மாணவன் செய்துவிட்டிருக்கவேண்டும். பிறகு ஆசிரியருக்குப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டாவதுதான் அரிது.

தூரமாகப் போகவேண்டாம் என்றால் சென்னைக்கே வருவோம். சிற்பி தனபால் சென்னைக் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர், நடனம் ஆடியவர். சிற்பத்துக்குத் தானாக வந்து சேர்ந்தார், பிறகு அதே கல்லூரிக்கு முதல்வரானார். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த பத்து வருடத்தில் சென்னைக் கல்லூரியில் எதையும் முயன்று பார்க்கலாம் என்றிருந்தது. ஜானகிராம் கோயில் மூலவருக்குக் கவசத் தகடு அடிக்கிற முறையை எடுத்து, செம்புத் தகட்டைத் தட்டித் தட்டித் தனக்கென்று ஒரு சிற்ப மொழியையே கண்டுபிடித்தார். எந்தச் சாஸ்திரத்தில் இருந்தது அது? 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, பாத்திக் துணி விற்ற காசில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைக் கட்டினார்கள். நம் வாளையாரைத் தாண்டினால் மலம்புழா. அங்கே 1969இல் 30 அடி யட்சியைக் காலை நீட்டி உட்காரவைத்த கானாயி குஞ்ஞிராமனும் இதே சென்னைக் கல்லூரி மாணவர்தான். கோயமுத்தூர்க்காரர்கள் பள்ளிச் சுற்றுலாவில் போய் அந்த யட்சியின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். கட்டுரையாளர் வீட்டு ஆல்பத்திலும் ஒன்று இருக்கக்கூடும்.

பெற்றோர் பணம் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அதற்கு இங்கே பிறந்த யாரும் ஒரு பெயரில் பதில் சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கி முதல் வேலையாக அக்கக்காகப் பிரித்துப் போட்டார். வாங்கிய வண்டியைப் பிரித்தால் பணம் வீண் என்று அன்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். மரபுதான் வேண்டும் என்றால், உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலுக்கு வைக்கிற மண் உருவாரங்களும் இருக்கின்றன. அந்த மாடு கன்றுகளைச் செய்யும் கைக்கு முன்னால் எந்த வரைபடமும் கிடையாது. கட்டுரையாளரின் மரபுப் பட்டியலில் குயவர் கை சேராது போலிருக்கிறது. கல்லும் ஐம்பொன்னும் மட்டும்தான் மரபு என்பது யார் போட்ட சட்டம்?

ஒரு இடத்தில் அவர் சொல்வது சரி. கல்லூரிகளில் சில மாணவர்கள் எதையோ கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பெரிய விளக்கம் எழுதி ஒட்டி, விளக்கத்துக்கு மதிப்பெண் வாங்கிப் போகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நோய்க்கும் உடனடியாகச் செய்து பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. செய்யாமலே பேசுவதிலிருந்து வருவது அது. மருந்து, அந்த மாணவனை இன்னும் அதிகமாகச் செய்யவைப்பது. விளக்கத் தாளைக் கிழித்துவிட்டு, இது ஏன் விழாமல் நிற்கிறது என்று கேட்பது. கட்டுரையாளர் சொல்லும் மருந்தோ நகல். நகலிலும் அதே சோம்பேறி பிழைத்துக்கொள்வான். பக்கத்துப் பையனின் நகலிலிருந்து நகல் எடுப்பான்.

இவ்வளவும் எழுதிய கட்டுரையாளர் அந்த உருவத்தை நேரில் பார்க்கவில்லை. கைப்பேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்து எழுதியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். போட்டோவைப் பார்த்து எழுதக்கூடாது என்றில்லை. சிற்பி ரோடான் நம் நடராஜரைப் பற்றி 1913இல் எழுதியது போட்டோக்களைப் பார்த்துத்தான். ஆனால் அவர் ரோடான்.

குடோன்காரர் இடத்தை வாடகைக்கு விடப்போகிறார், உருவம் இன்னும் கொஞ்ச நாள்தான் அங்கே இருக்கும். அவினாசி சாலையில் பஸ் ஏறினால் கருமத்தம்பட்டியில் இறங்கி விசாரித்துப் போய்விடலாம். முன்பக்கத்தில் நிற்காதீர்கள், அதுதான் படத்தில் இருக்கிறதே. பின்பக்கம் போய், மேலே கை சேரும் இடத்தைப் பாருங்கள். வெல்டிங் விட்டுப்போன தழும்பை அவள் ராவி மறைக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே போல்ட் இருக்கிறது. பார்த்துவிட்டு இன்னொரு கட்டுரை எழுதுங்கள். அதற்கும் பதில் எழுதத் தயாராகத்தான் இருக்கிறேன்.